பத்து விநாடி

குழந்தைகள் விளையாடுவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் இந்த டுலூத் நகரத்தில் பதினாறு வருடமாக அதுதான் என் பிழைப்பு. அரசு பிரித்து வைத்த குழந்தையோடு பெற்றவர் இருபது நிமிடம் விளையாடுவார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பிள்ளையின் மனம் அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் போடுவேன். குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதா என்று நீதிபதி முடிவு செய்வது அதை வைத்துத்தான்.

கடைசியில் நான் கதவைத் தட்டுவேன். பொம்மைகளை எடுத்து வைக்க வேண்டும். குழந்தை அழும். அடுத்த பத்து விநாடியில் பெற்றவர் என்ன செய்கிறார் என்பதுதான் கணக்கு, மற்றதெல்லாம் சும்மா.

டானி கெஸ்லர் குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அவளுடைய மூன்று வயது மகள் மேவிஸ், அரசு ஏற்பாட்டில் என் தங்கை இங்ரிட் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். தங்கைக்குக் கணவன் வழிப் பெயர், அதனால் எங்கள் உறவை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்ரிட்டுக்கு நான்கு முறை கரு கலைந்தது.

காத்திருக்கும் அறையில் டானி தனியாக உட்கார்ந்திருந்தாள். காப்பி கொடுத்தேன்.

"புள்ள அழுதா தூக்கிடாதம்மா. செல்லம் குடுத்துக் கெடுக்கறான்னு எழுதிடுவாங்க. பேசாம உக்காந்திரு."

"நல்லவேளை சொன்னீங்க. நான் தூக்கியிருப்பேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேவிஸ் அழுதபோது அவள் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் திணித்துக்கொண்டாள். குழந்தை அவள் முழங்காலைப் பிடித்து இழுத்தது. நாற்பது விநாடி எண்ணிவிட்டு, ஆகக் குறைந்த மதிப்பெண்ணான ஒன்று போட்டேன். வீடியோ பதிவைத் தனியாகப் பார்த்த இன்னொரு மதிப்பீட்டாளரும் ஒன்றுதான் போட்டார். ஆகவே, போலீஸ்காரர் நீங்கள் சந்தேகப்படுவதுபோல் நான் எதையும் திருத்தவில்லை.

தீர்ப்பன்று டானி என்னிடம் வந்து, நீங்கள் சொன்னபடியேதான் இருந்தேன் என்றாள். கோபமே இல்லை. வேறெங்கோ தான்தான் தவறிவிட்டதாக நினைத்தாள். ஏரிப் பனி உடைந்ததும் அவள் உடலைக் கண்டெடுத்தது உங்கள் ஆட்கள்தானே.

மேவிஸ் இப்போது சட்டப்படி இங்ரிட்டின் மகள். சமத்து. போன வாரம் படியில் விழுந்து உதடு கிழிந்தது. சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். தூக்கேன் என்றேன் தங்கையிடம்.

"அழலையே அக்கா. எதுக்குத் தூக்கணும்?"

அவள் பாத்திரம் கழுவி முடித்தாள். நான் விநாடிகளை எண்ணவில்லை. சொந்தக்காரர்களை அளக்கக் கூடாது என்பது எங்கள் விதி; அதை நான் ஒருநாளும் மீறியதில்லை.