கேரட் கொட்டாயில் விரிச்சி

— வண்டிய இங்கனயே ஓரங்கட்டுங்க. கேரட் கழுவுற கொட்டாய்க்குப் பக்கத்துல.

— தாரணி, பத்து மணிக்குள்ள மதுரை ஆஸ்பத்திரியில அட்மிஷன் போடணும். நாளைக்கு ஆபரேசன். இந்த வில்பட்டியில உனக்கென்ன சோலி?

— விரிச்சி கேக்கணும்.

— என்னது?

— பழைய பாட்டுல வருதுங்க. போருக்குப் போன புருசன் திரும்புவானான்னு தெரியணும்னா, நெல்லும் பூவும் கொண்டுபோயி ஊரோரமா நிப்பாங்க. சம்பந்தமில்லாத யாரோ வேற சோலியா என்னமோ பேசுவாங்கல்ல, காதுல விழுற அந்த மொத வார்த்தைதான் வாக்கு.

— பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு நடத்துறத எங்கிட்ட நடத்தாத டீச்சர். வார்த்தை கெட்டதா விழுந்தா?

— வீட்டுக்குத் திரும்பிருவோம்.

— வெளையாடாதடி. மார்ல கட்டிய வச்சுக்கிட்டு...

— உஷ். ஹாரன்லருந்து கைய எடுங்க. கொட்டாய்க்குள்ள ஒரு பொம்பள பேசுது.

— ஏண்டி அகிலா! அழுகிக் கெடக்குல்ல, இன்னும் என்னத்தப் பாக்குற? அறுத்து வீசுடி!

— கேட்டீங்களா? அழுகிக் கெடக்காம். திருப்புங்க வண்டிய.

— திருப்ப மாட்டேன்.

— வாக்கு அப்படி விழுந்துருச்சேங்க.

— வாக்காம் வாக்கு! முழுசாக் கேட்டியா நீயி? அறுத்து வீசுன்னு சொல்லுச்சுல்ல அந்தம்மா? நுனி அழுகுனா ஒரே வெட்டு. மிச்சம் நல்ல கேரட்டு, சந்தைக்குப் போகும். மூணு வருசம் லோடு அடிச்சவன் சொல்றேன். உனக்கும் அதான். கெட்டத மட்டும் டாக்டரு எடுத்துருவாரு. நீ நல்லாயிருவ தாரணி. மறுபடி பள்ளிக்கூடம் போவ, எங்கூடச் சண்டை போடுவ. எனக்கு நீ வேணும்டி.

— அந்தத் துண்டக் குடுங்க, கண்ணத் தொடைக்கணும்.

— ஏன் அழுவுற? எதுவும் தப்பாச் சொல்லிட்டனா?

— இல்ல. வண்டிய எடுங்க, வெரசாப் போவோம். மதுரைக்கு.

— அப்ப வர்றியா?

— வராம இருப்பேனாங்க? திருப்பச் சொன்னதெல்லாம் சும்மா. நேத்தே துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன். ரிப்போர்ட் வந்து பதினோரு நாளாச்சு, நல்லாயிருவன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லல. அதக் கேக்கத்தான் வண்டிய நிறுத்தச் சொன்னேன்.