சுட்டி இல்லாத கிடாரி

மாடுகள் நம்மைவிட அதிகமாக ஊர் சுற்றுகின்றன. என் வேலை என்னவென்று கேட்பவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். சிரிப்பார்கள். ஒரு பசு பிறப்பது ஓரிடம், வளர்வது ஓரிடம், கறவைக்கு வருவது வேறிடம். நடுவில் சந்தை, தரகர், லாரி. வாயிலும் குளம்பிலும் கொப்புளம் கிளப்பும் கோமாரி நோய் வந்துவிட்டால், அந்தப் பசு எங்கெல்லாம் போனது, யாரோடு ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தது என்று தடம் பிடித்துக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். கால்நடை நோய்த் தடுப்பு அலுவலகத்தில் அந்த ஆள் நான்.

விதி எளிமையானது. நோய் கண்ட பண்ணையிலிருந்து ஒரே ஒரு மாடு இன்னொரு பண்ணைக்குள் போயிருந்தாலும், அங்கே குளம்புள்ள எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. கொன்று புதைத்துவிட வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால், அதற்குள் நோய் அடுத்த வேலியைத் தாண்டிவிடும். அதனால் இன்ன பண்ணை என்று நான் சொன்னால் போதும், வேலை தொடங்கிவிடும். அதை ஓர் அதிகாரமாக நான் என்றைக்கும் நினைத்ததில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அம்மா போனபோது நான் பள்ளிக்கூடம் போகிற பெண். அக்காதான் தலை வாரிவிட்டாள், படிக்க வைத்தாள், காய்ச்சல் வந்தால் என் பக்கத்திலேயே படுத்தாள். நான் வேலைக்கு வந்த பிறகும் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். ஒருநாள் தடுப்பூசி முகாமுக்குத் துணையாக அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு பால் பண்ணைக்காரரைப் பார்த்தாள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

அத்தானைப் பற்றித் தப்பாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். குடிக்க மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். மாடுகளிடம் பேசுகிற அதே குரலில்தான் மனிதர்களிடமும் பேசுவார். என்னைக் கண்டால், "வாங்க வாங்க, மாட்டு போலீஸ் வந்தாச்சு," என்பார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். என்னோடு இருந்த காலத்தில் அவள் அப்படிச் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் நீங்கள் அவள் கைகளைப் பார்த்திருக்க வேண்டும். கிருமிநாசினித் தண்ணீரிலும் சாணியிலும் ஊறி, விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போயிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போவேன். அவள் கறந்துகொண்டிருப்பாள், இல்லையென்றால் கொட்டகை கழுவிக்கொண்டிருப்பாள். "இன்னைக்காவது கொஞ்சம் உக்காரேன்க்கா," என்றால், "ஞாயித்துக்கிழமைன்னு மாட்டுக்குத் தெரியுமாடி?" என்பாள். ரப்பர் பூட்ஸோடு கொட்டகை வாசலில் நின்றபடியே பேசிவிட்டுத் திரும்பி வருவேன்.

கடைசியாக அப்படிப் போனபோது, இன்னும் கன்று போடாத புதுக் கிடாரி ஒன்று வந்திருந்தது. செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அக்கா அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே, "பாப்பா, யாரு வந்திருக்கா பாரு," என்றாள். பாப்பா என்பது அவள் என்னைக் கூப்பிடுகிற பெயர்.

"அதுக்கும் அதே பேராக்கா?"

"நீதான் வளந்துட்டியே," என்றாள்.

இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நானும் அந்தக் கிடாரியைத் தடவிக் கொடுத்தேன்.

அந்த வாரமே ஆற்றோரத்துப் பண்ணை ஒன்றில் கோமாரி வந்தது. அங்கிருந்து ஒரு கிடாரி வெளியே போயிருந்தது. விற்பதற்கு முன் காதில் அடையாள வில்லை மாட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆனால் மாட்டவில்லை. வாங்கி விற்ற தரகரைத் தும்மல் என்று கூப்பிடுவார்கள். வைக்கோல் வாடை பட்டாலே தும்முகிற மனிதர் மாட்டு வியாபாரத்துக்கு வந்தது அவர் தலையெழுத்து. நான் போனபோதும் தும்மிக்கொண்டுதான் இருந்தார்.

"ரெண்டு செவலைக் கிடாரி கைமாறிச்சும்மா. ஒண்ணு ஆத்தோரத்துல ஏத்தினது, ஒண்ணு வடக்க ஏத்தினது. வேற வேற நாளு, வேற வேற வண்டி. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. ஒண்ண உங்க அத்தான் பண்ணையில எறக்கினேன், இன்னொண்ண மேட்டுப் பண்ணை அம்மாகிட்ட. எது எங்க போச்சுன்னுதான் குழம்புது. ரெண்டும் செவலைதானே."

குழப்பம் தீர ஒரே வழி, ஆற்றோரத்துப் பண்ணைக்காரரைக் கேட்பது. போனேன். உள்ளே அவருடைய மாடுகளைத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார்.

"சுட்டி கிட்டி ஒண்ணும் கிடையாதும்மா அதுக்கு," என்றார். "மருந்துக்குக்கூட ஒரு வெள்ள முடி இருக்காது. முழுச் செவலை."

அப்படியென்றால் அக்காவின் கிடாரி வடக்கிலிருந்து வந்தது, அதற்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. நோயைச் சுமந்த கிடாரி மேட்டுப் பண்ணையில் நிற்கிறது. எனக்கு அது அந்த நிமிடமே தெளிவாகத் தெரிந்துவிட்டது. அவர் அழுதுகொண்டிருந்தார். இந்த மனிதரிடம் இனி யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை என்றும் தோன்றியது.

அலுவலகக் காரில் போய் உட்கார்ந்து மேலதிகாரிக்குப் போன் செய்தேன். "எங்க அக்கா பண்ணைதான் சார்," என்றேன்.

"நிச்சயமாம்மா?" என்றார்.

"நிச்சயம் சார்."

"உனக்குக் கஷ்டமா இருக்கும். வேற யாரையாவது அனுப்பட்டுமா?"

"வேணாம் சார். தெரிஞ்ச முகம் இருந்தா அவங்களுக்கு ஆறுதலா இருக்கும்."

கூடப்பிறந்தவள் வீடு என்றுகூடப் பார்க்கவில்லை, வேலை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அலுவலகக் கூட்டத்தில் அவர் என்னைப் பற்றிப் பேசினாராம். நான் அதற்கு ஆசைப்படவில்லை. அக்காவுக்கு ஓய்வு வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். கொட்டகை இருக்கும்வரை அவள் உட்காரப் போவதில்லை.

வெள்ளை அங்கி போட்ட ஆட்களோடு நான் உள்ளே போனபோது அத்தான் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். "எல்லாம் நல்லாத்தாம்மா திங்குது. ஒரு தடவ வாயத் திறந்து பாரேன்," என்றார். கேட்டுக்கொண்டதற்காக ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பார்த்தேன். குளம்பு இடுக்கையும் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தன. "ஆரம்பத்துல வெளிய தெரியாது அத்தான்," என்றேன்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். பிறகு அவரே ஒவ்வொரு மாடாகக் கயிற்றைப் பிடித்து, காதில் ஏதோ சொல்லி, மிரளாமல் நிற்க வைத்தார். சுடுகிறவர்களுக்கு அது பெரிய உதவியாக இருந்தது. நடுவில் அக்கா, "பாப்பா," என்று கத்தினாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை.

பரிசோதனைக்கூடத்துப் பெண் பிறகு போன் செய்தாள். "மேடம், உங்க அக்கா பண்ணை ரத்தம் எதுலயுமே நோய் இல்லையே. லேசாக்கூட இல்ல."

"நல்லதுதானே. முளையிலயே கிள்ளிட்டோம்," என்றேன். அவளும் சந்தோஷப்பட்டாள்.

அக்கா என் வீட்டுக்கு வந்து சில நாள் தங்கச் சம்மதித்தாள். அத்தானையும் கூப்பிட்டோம். காலிக் கொட்டகையை விட்டு அவர் வரவில்லை. அக்காவைக் கூட்டி வந்த அன்று மாலை, ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று மேட்டுப் பண்ணைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். என் வேலை அப்படி, கால் தானாகப் போய்விடும்.

மேட்டுப் பண்ணை அம்மா என்னைக் கண்டதும் ஓடி வந்தார். "நல்ல வேளை வந்தீங்க. புதுக் கிடாரி தீனி எடுக்க மாட்டேங்குது. வாயெல்லாம் நுரையா ஒழுகுது. காலை மாத்தி மாத்தி வைக்குது. என்னன்னு பாருங்களேன்."

பார்த்தேன். முழுச் செவலை. நாக்கில் கொப்புளம் உடைந்திருந்தது. கறந்த பால் கேன்கள் வாசலில் இருந்தன, பால் வண்டி வருகிற நேரம். அந்த வண்டி அங்கிருந்து பள்ளத்தாக்கில் இருக்கிற எல்லாப் பண்ணைக்கும் போகும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்காவின் மாடுகள் எதற்காகச் செத்தன என்ற கேள்வி வரும். அவள் அன்றுதான் வந்திருக்கிறாள், இன்னும் துணியைக்கூடப் பையிலிருந்து எடுத்து வைக்கவில்லை.

"எடம் மாறினா, தீனி மாறினா அப்படித்தாம்மா இருக்கும்," என்றேன். "வெதுவெதுன்னு தண்ணி குடுங்க. சரியாயிடும்."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பூட்ஸை நன்றாகக் கழுவிக்கொண்டு கிளம்பினேன்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். மேட்டுப் பண்ணை, அதற்குக் கீழே இருந்தவை, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவை. பள்ளத்தாக்கில் இப்போது மாடு கத்துகிற சத்தமே இல்லை. புதைக்க இடம் போதாமல் எரித்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் தடம் பிடித்துக்கொண்டு நான் போனேன். ஒன்றைக்கூட விடவில்லை. அந்த நாட்களில் யாரையும்விட நான்தான் அதிகம் வேலை செய்தேன்.

வீட்டில் அக்கா ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. "அவர் தனியா இருக்கார்டி, நான் போறேன்," என்று ஒருநாள் எழுந்தாள். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போக்கா," என்றேன். இருந்தாள். மறுநாள் காலை பக்கத்துப் பண்ணையிலிருந்து போன் வந்தது. அத்தான் கொட்டகையில் உயிரில்லாமல் கிடந்தார். வேறு யார் கையும் இதில் இல்லை, அவராகத் தேடிக்கொண்டதுதான் என்று டாக்டர் சொன்னார்.

மாட்டை இழந்தவர்களுக்காக ஒரு கூட்டம் போட்டார்கள். அக்காவும் போனாள். ஆற்றோரத்துப் பண்ணைக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் தங்கள் கிடாரிகளைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். மாட்டை இழந்தவர்கள் வேறு எதைப் பேசுவார்கள்?

அவள் திரும்பி வந்தபோது நான் சமையலறையில் இருந்தேன்.

"அவங்க கிடாரிக்குச் சுட்டி இல்லன்னு அவர் உன்கிட்ட சொன்னாரா?" என்று அக்கா கேட்டாள்.

"சொன்னார்."

"எப்போ? எங்க மாடுங்களச் சுடுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

அவள் அடுப்பை அணைத்தாள். "ஏன்டி?" என்றாள்.

"உன் கையப் பாருக்கா. இப்பதான் ஆறிட்டு வருது," என்றேன்.

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, நேராக இங்கே, உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

ஆகவே நீங்கள் கேட்பதற்கு என் பதில் இது. எது நோய்ப் பண்ணை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே வேறு பண்ணையைச் சொன்னேன். நோய் கொண்ட மாட்டை என் கண்ணால் பார்த்த பிறகும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை, யார் மேலும் எனக்குப் பகை இல்லை. அத்தான் விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் போன செய்தி வந்தபோது, அக்கா இனி எங்கேயும் போக வேண்டியதில்லை என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா உங்கள் முன்னறை பெஞ்சில்தான் இருக்கிறாள். என்னை உள்ளே கூட்டி வந்தபோது பார்த்தேன். நான் பக்கத்தில் வந்ததும் இரண்டு காலையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நடைவழி குறுகல் இல்லையா, நான் தடுக்கி விழுந்துவிடக் கூடாதே என்றுதான்.