துரை வண்டியில் வந்த காப்புறுதி ஆள்

தானா ராத்தா காவல் நிலையம். 1983 ஜூலை 19, காலை 10.40. சாட்சி தமிழில் சொன்னது.

என் பெயர் அம்புரோஸ், தந்தை பெயர் லூர்துசாமி. வயது 51. விலாசம்: புக்கிட் ஹாலியா தேயிலைத் தோட்டம், இரண்டாம் டிவிசன், கிராணி வீடு. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன். இருபத்தாறு வருடமாக இதே தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் இரண்டாவது கிராணி. ஏன் இன்னும் இரண்டாவது என்று அதிகாரி கேட்கவில்லை. வழக்குக்கு அது வேண்டியிருப்பதால் நானே சொல்கிறேன். 1977இல் பெரிய கிராணி வேலை காலியானபோது, தொழிலாளர் சங்கச் செயலாளர் நாகப்பன் தோட்ட மேனேஜரான துரையிடம் போய், மழை நாட்களில் நான் ஆட்களுக்குச் சம்பளப் பேர் போடுவதில்லை என்று புகார் சொன்னார். வேலை என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவருக்குப் போனது. அதன் பிறகு வேலை விஷயம் தவிர நாகப்பனிடம் நான் பேசியதில்லை.

இந்த வருடம் பிப்ரவரி 7ஆம் தேதி, தபால் எடுக்கத் துரையுடன் ரிங்லெட் போய்த் திரும்பினேன். மழை. வழியில் மோட்டார் சைக்கிள் நின்றுபோன ஒருவர் தோல்பையோடு நனைந்துகொண்டிருந்தார். துரை வண்டியை நிறுத்தச் சொல்லி அவரை என் பக்கத்தில் ஏற்றினார். எங்கே போகிறீர் என்று மட்டும் கேட்டார். தோட்டத்துக்கு என்றார் அவர். வேறு பேச்சு நடக்கவில்லை. அவர் பெயர் பழனியப்பன் என்பது பிறகு தெரிந்தது. காட்டப்பட்ட புகைப்படத்தில் இருப்பவர் அவரே.

கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஸ்டோர் முன்னால் இறங்கினோம். எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் தோட்டத்தில் துரை வண்டியில் வருகிற வெளியாள் என்றால் துரையின் ஆள் என்றே அர்த்தம். துரை வண்டி போன பின் பழனியப்பன் அங்கேயே நின்று, மாதம் மூன்று வெள்ளி கட்டினால் பச்சை அட்டை ஒன்று கிடைக்கும், அதைக் காட்டினால் ஈப்போவில் எந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசமாக ஆபரேஷன் செய்வார்கள் என்று சொல்லி, காப்புறுதிக் கம்பெனியின் ஆங்கிலத் தாளை ஆளுக்கொன்று கொடுத்தார்.

நாகப்பனின் மனைவி பவளம், "கிராணி ஐயாகிட்ட ஒரு வாட்டி காட்டிட்டுப் போடலாமே" என்றார்.

அதற்கு நாகப்பன், "அவருகிட்டயா? வெயிலடிச்சாலும் குத்தம், மழை பேஞ்சாலும் குத்தம். தொரை வண்டியிலயே வந்து எறங்குறாரு, இன்னும் என்னாலா சந்தேகம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் நிறுவைப் புத்தகத்தோடு நாலடி தள்ளி நின்றிருந்தேன். அன்று நாற்பத்து மூன்று குடும்பங்கள் சேர்ந்தன.

மறுநாள் மத்தியானம் பவளம் அந்த ஆங்கிலத் தாளோடு ஆபீசுக்கு வந்தார். அவருக்குக் கருப்பையில் கட்டி. ஈப்போ அரசாங்க மருத்துவமனையில் மார்ச் 21ஆம் தேதி ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். நான் தாளை இரண்டு முறை படித்தேன். கம்பெனிக்குத் தெரு விலாசம் இல்லை, தபால் பெட்டி எண் மட்டுமே இருந்தது. ஓர் ஆஸ்பத்திரியின் பெயரும் இல்லை. சேருமுன் இருந்த நோய்க்கு எதுவும் கிடையாது என்று ஒன்பதாவது பத்தியில் இருந்தது.

"நம்ம வூட்டுக்காரரு பேசுனத மனசுல வச்சுக்காதீங்கய்யா. இத நம்பலாமா? ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

"தொரை வண்டியில வந்த ஆளாச்சே, நான் என்ன சொல்றது?" என்றேன்.

அதில் பொய் இல்லை. பொய் இல்லாதபடி யோசித்தே சொன்னேன்.

அதன் பிறகு பவளம், "கவர்மெண்டு ஆஸ்பத்திரியில படிக்கிற பையனுங்க சுத்தி நின்னு பாக்குறானுங்கய்யா. கார்டுதான் இருக்கே, லேடி டாக்டர்கிட்டயே போயிடுறேன். அந்த நாள வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லி ஒரு லெட்டர் போடுங்க" என்றார். போகாமல் இருந்துவிடுவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். அவர் எழுதித் தெரிவிக்க நினைத்தார். நான்கு வரி டைப் அடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் ஒரு முட்டைக்கோஸ் இருந்தது. அதைச் சமைத்தோம்.

மார்ச் கடைசியில் ஈப்போ தனியார் ஆஸ்பத்திரியில் அந்த அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, செல்லாது என்று கொடுத்துவிட்டார்கள். கம்பெனியின் தபால் பெட்டிக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தது. அரசாங்க மருத்துவமனை ஆகஸ்ட் 8ஆம் தேதிக்கு மறுபடி நாள் கொடுத்தது. ஜூலை 2ஆம் தேதி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது பவளத்துக்கு உதிரப்போக்கு ஏற்பட்டது, நிற்கவில்லை. தோட்டத்து லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாப்பா இறக்கத்தில், வழியிலேயே இறந்துவிட்டார்.

துரைக்கும் அந்த ஆளுக்கும் தொடர்பு உண்டா என்று அதிகாரி கேட்டதற்கு: இல்லை. முதல் நாளே எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு: சொன்னால் நாகப்பன் நம்பியிருக்க மாட்டார். பவளம் நம்பியிருப்பார்.

ஐந்தாம் நாள் சடங்கு முடிந்து நாகப்பன் ஆபீசுக்கு வந்தார். "எழுதுறதுன்னா நீங்கதான் கிராணி. போலீசுக்கு ஒரு பெட்டிஷன் எழுதிக் குடுங்க" என்றார். ஆறு வருடத்தில் முதல் முறையாக அவரை உட்காரச் சொன்னேன். இந்த வழக்கில் முதலாவதாக இருக்கும் அந்த மனுவும் நான் எழுதியதுதான். மருத்துவமனைக்குப் போன கடிதம் பற்றியும், பவளம் என்னிடம் கேட்டது பற்றியும் அதில் இல்லை. அதில் விட்டது இதில் இருக்கிறது.

மேற்கண்டவை நானாகச் சொன்னவை. எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு வரியையும் அடிக்கச் சொல்லவில்லை. யாவும் உண்மை.

(ஒப்பம்) லூ. அம்புரோஸ்