முழங்கை மடிப்பு

நான் ஊசி குத்தினால் வலிக்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை சார், எங்கள் லேபில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர், "அந்த அக்கா வரட்டும்" என்று எனக்காகக் காத்திருப்பார்கள். அழுது ஊரைக் கூட்டுகிற குழந்தைகள்கூட என் கையில் கம்மென்று இருக்கும். குத்துவது பெரிய வித்தை இல்லை. குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அழுத்தாமல் விட்டால் உள்ளே ரத்தம் கசிந்து, மறுநாள் அந்த இடம் நீலம் பாரித்துவிடும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

என் தம்பியின் கையைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

கல்லூரியில் பிடித்த போதை ஊசிப் பழக்கம் அது. நரம்பு போகிற வழியெல்லாம் கறுப்புக் கோடு, இரண்டு முழங்கை மடிப்பிலும் சீழ் வைத்து ஆறிய குழிகள். அம்மா அப்போதே இல்லை. அப்பா அவனைத் தலைமுழுகிவிட்டுப் பெரியப்பா வீட்டோடு போய்விட்டார். சொந்தக்காரர்கள் எங்கள் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நான் இருந்தேன். வாந்தி அள்ளினேன். உடம்பு தூக்கிப் போடும்போது மேலே படுத்து அமுக்கிப் பிடித்தேன். ஒரு முறை குளியலறைக் கதவை உடைத்து வெளியே இழுத்துப் போட்டேன். எனக்கு வந்த ஒன்றிரண்டு வரன்களும் அவனைப் பார்த்துவிட்டுக் காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போயின. அதில் எனக்கு வருத்தமில்லை. "நீ இல்லைன்னா நான் செத்திருப்பேன்க்கா" என்பான். அந்த வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு விட்டுவிட்டான். மறுவாழ்வு மையத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு அவனை உதாரணம் காட்டுகிற அளவுக்கு விட்டான். ரொட்டிக் கம்பெனியில் இரவு வேலை கிடைத்தது. அங்கே பொட்டலம் கட்டும் பிரிவில் இருந்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். ஒரு பெண் குழந்தை, குட்டி என்று கூப்பிடுவோம். அவர்கள் வீடு தகரம் வெட்டும் பட்டறைக்கு மேலே. பகலில் அங்கே செத்தவன்கூடத் தூங்க முடியாது. அதனால் வேலை முடிந்ததும் என் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வான். எனக்கும் லேப் வேலை மதியத்தோடு முடிந்துவிடும். நான் வந்து அவனை எழுப்பிச் சாப்பாடு போடுவேன். மறுபடி அவன் படுத்ததும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையிலும் தழும்புக் களிம்பு தேய்த்துவிடுவேன். பேச்சு நடுவிலேயே தூங்கிவிடுவான்.

தழும்பு மறைவதைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்தது. கறுப்பு மெல்லப் பழுப்பானது. பழுப்பு, டீக் கறையாக வெளிறியது. குழிகள் மேடேறின. ஒரு நாள் இடது மடிப்பில் விரலை வைத்தபோது, கம்பி மாதிரி இறுகிக் கிடந்த நரம்பு மெத்தென்று எழும்பியது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். சந்தோஷம் என்று அவனிடம் சொல்லவும் செய்தேன்.

அடுத்த வாரம் அவன் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பொண்டாட்டி வாங்கிக் கொடுத்ததாம். ஜன்னல் வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"பாருக்கா, எல்லாம் போயிடுச்சு. இனிமே களிம்பு எல்லாம் வேணாம்."

இன்னொரு செய்தியும் வைத்திருந்தான். வேறு ஊரில் கம்பெனி புதுக் கிளை திறக்கிறது, அவனைச் சூப்பர்வைசராகக் கூப்பிடுகிறார்கள், குட்டியை அங்கேயே பள்ளியில் சேர்க்கப் போகிறார்கள். "நீயும் லீவுக்கு வாக்கா" என்றான். லீவுக்கு.

எனக்குப் பயமாக இருந்தது சார். நீங்களே யோசித்துப் பாருங்கள். பட்ட பாட்டை மறந்தவன்தான் மறுபடி போவான் என்று மையத்திலேயே சொல்வார்கள். கையில் அந்தத் தழும்பு இருந்தவரை அவனுக்கு மறக்கவில்லை. குளிக்கும்போது பார்ப்பான், சட்டை மாற்றும்போது பார்ப்பான். இப்போது பார்க்க ஒன்றுமில்லை. அவளுக்கோ அவன் பழைய கதை வெறும் கதைதான். புது ஊரில் அவன் கையைப் பிடித்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்? அவனுக்கு ஒரு ஞாபகம் வேண்டும், சின்னதாக ஒன்று போதும் என்று நினைத்தேன்.

அவன் வேண்டாம் என்றாலும் கடைசியாக ஒரு தடவை என்று சொல்லிக் களிம்பு போட்டேன். போட்டது வேறு. லேபில் சின்னக் குழந்தைகளுக்குக் குத்துவதற்கு முன்னால் தடவுகிற, தோலை மரத்துப்போக வைக்கும் க்ரீம். அது வேலை செய்ய நேரம் பிடிக்கும். காத்திருந்தேன். அவன் வலது கைக்காரன் என்பதால் இடது கையைத் தேர்ந்தெடுத்தேன். இருப்பதிலேயே மெல்லிய ஊசி, புதுசு, உறை பிரித்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். உள்ளே எதையும் செலுத்தவில்லை. இதை நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். மருந்து இல்லை, மயக்கம் இல்லை, தண்ணீர்கூட இல்லை. குத்தி எடுத்தேன், அவ்வளவுதான். ஒரே ஒரு கஷ்டம், அழுத்தாமல் விட வேண்டியிருந்தது. நான் குத்திவிட்டு அழுத்தினால் அடையாளமே இருக்காது. பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தத் துளி ரத்தம் தானாக நிற்கிறவரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

மறுநாள் மடிப்பில் நீலம் பாரித்திருந்தது. அவள் பார்த்துவிட்டாள். இவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவள் விடவில்லை, அவனுடைய சிறுநீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு நேராக என்னிடமே வந்தாள். நான்தான் பரிசோதித்தேன். சுத்தமாக இருந்தது, சுத்தம் என்றே எழுதிக் கொடுத்தேன். வேலையில் நான் தில்லுமுல்லு செய்வதில்லை.

"டெஸ்ட் தப்பா வருமா அண்ணி?" என்று கேட்டாள்.

"நாள் தள்ளி எடுத்தா தெரியாதும்மா" என்றேன். அதுவும் உண்மைதான்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இவன் தானே மேனேஜரிடம் போய், எனக்கு மறுபடி வந்துவிட்டது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டான். விட்டதிலிருந்து அவன் பொய் சொல்வதில்லை. சூப்பர்வைசர் வேலை போயிற்று, பின்னாலேயே இருந்த வேலையும் போயிற்று. பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். களிம்பை மறுபடி எடுத்தோம். நான் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஒன்று சொல்கிறேன் சார். ஊரே அவனைச் சந்தேகப்பட்டது. அவனே அவனைச் சந்தேகப்பட்டான். அவன் சுத்தமாக இருக்கிறான் என்று உறுதியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த நம்பிக்கையை நான் ஒரு நாளும் இழக்கவில்லை.

தூக்கத்தில் தனக்கே தெரியாமல் எழுந்து போய்ப் போட்டுக்கொள்கிறோமோ என்று அவனுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. வீடு முழுக்கத் தேடினான். அரிசி டப்பாவைக் கொட்டிப் பார்த்தான். ஒன்றும் கிடைக்காததால் பயம் இன்னும் கூடிப்போயிற்று. ஒரு மதியம் துண்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டான்.

"வலது கையைக் கட்டில்ல கட்டிடுக்கா. எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல."

கட்டினேன். கேட்டுவிட்டான், எப்படி மறுப்பது? அவன் தூங்கியதும் இடது கையில் குத்துவேன். பிறகு முடிச்சை அவிழ்த்துத் துண்டைத் தரையில் போட்டுவிடுவேன். அவன் விழித்ததும் துண்டைப் பார்ப்பான், கையைப் பார்ப்பான், சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவான். எனக்கும் அழுகை வரும். நான் கல் நெஞ்சுக்காரி இல்லை. "நான் இருக்கேன்டா" என்று முதுகைத் தடவிக்கொடுப்பேன். அடுத்த நாள் இன்னும் இறுக்கிக் கட்டச் சொல்வான்.

மாட்டிக்கொண்டது என் வேலைப் பழக்கத்தால். அன்று குத்தி எடுத்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. பதற்றத்தில் கை தன்பாட்டுக்கு அதன் வேலையைச் செய்துவிட்டது. பஞ்சை வைத்து அழுத்தி, கழற்றாமல் போட்டிருந்த லேப் கோட்டுப் பையில் கிடந்த பிளாஸ்திரியை எடுத்து ஒட்டிவிட்டேன். போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தால், அவளும் குட்டியும். குழந்தை அப்பாவைப் பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்கிறதாம்.

குட்டி ஓடிப்போய்க் கட்டிலில் ஏறிப் போர்வையை விலக்கியது.

"அம்மா, அப்பாவுக்கும் வாத்து! அப்பா, ஊசி போட்டாங்களா? அழுதியா?"

குழந்தைகளுக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி அது, மஞ்சள் வாத்துப் படம் போட்டது. குட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது நானே ஒன்று ஒட்டி அனுப்பியிருக்கிறேன். அவள் வாத்தைப் பார்த்தாள். கட்டிலில் கட்டியிருந்த வலது கையைப் பார்த்தாள். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் போடும் முடிச்சு அப்படி. அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அவ்வளவு மூளை இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

தம்பி அரைத்தூக்கத்தில் அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்து முகம் வெளிறிப்போனான். "நான் அவுத்துட்டுப் போயிட்டேனாக்கா? மருந்து வச்சு ஒட்டி, மறுபடி நீதான் கட்டி விட்டியா?" என்று கேட்டான்.

"ஆமாம்" என்றேன். இந்த விஷயத்தில் நான் வாய் திறந்து சொன்ன ஒரே பொய் அதுதான்.

அவள் நேராக ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள். நேற்று நீங்கள் கேட்டதுமே ஒத்துக்கொண்டேன், இன்று முழுக்கச் சொல்லிவிட்டேன். நீங்கள் கேட்கிற அத்தனை குத்தும் நான் குத்தியதுதான். ஒன்றுகூட அவனுடையது இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் ஒரு வேண்டுகோள். நேற்று நான் ஒத்துக்கொண்டதை அவனிடம் சொல்லிப் பார்த்ததாகச் சொன்னீர்கள். "எங்க அக்கா அப்படிச் செய்யாது சார். என்னைக் காப்பாத்த பழியை அது தலையில போட்டுக்குது" என்றானாம். என் மேல் பழி போட்டதற்காக அவளை வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லி, குட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டானாம். இதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எதைத் தேடினீர்களோ தெரியவில்லை. நான் கேட்பது இதுதான். இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மறுபடி அவனிடம் போகாதீர்கள். அவன் நம்புகிறபடியே நம்பிக்கொண்டு இருக்கட்டும். பொண்டாட்டியும் பிள்ளையும்தான் போய்விட்டார்கள். பாவம், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?