எல்லாருக்கும் 97.6

போனை அணைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. இது என் மைத்துனருடைய சகலைக்கு நடந்தது. மனிதர் டிரில் மாஸ்டர். பொய் சொல்லுமளவுக்குக் கற்பனை அவருக்குக் கிடையாது.

விடியற்காலை நாலே முக்கால். பள்ளிக்கூடச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை... நோய்க்காக மூடிய பள்ளி அன்று இரண்டாம் முறையாகத் திறக்கிறது. பிள்ளைகள் தள்ளித் தள்ளி நிற்க, வாசலில் வெள்ளை வட்டம் போடும் வேலை அவருக்கு. வீட்டில், அதே பள்ளியில் படிக்கும் அவர் மகள் யூனிபார்மோடேயே தூங்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தின் மேல் அத்தனை ஆசை.

வட்டம் போட்டு முடித்தார். காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கிக்குப் புது பேட்டரி. சோதிக்க கேட் தூணில் காட்டினார். பீப்... ‘லோ’ என்றது. சரிதான், தூணுக்கு ஏது உடம்பு?

உள்ளே தலைமையாசிரியர். இரண்டு முகக்கவசம், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு, கையுறை. இடைவெளி அளக்க ஆறடிக் கம்பு வேறு.

“உலகமே நம்மள உத்துப் பாக்குது மாஸ்டர்!”

உலகத்துக்கு அந்தத் தெருவுக்கு வழியே தெரியாது.

ஒன்பது மணிக்கு அதிகாரி வருகிறார். ஆகவே பதிவேட்டை முந்தின இரவே நிரப்பியாயிற்று. எல்லாப் பெயருக்கும் நேராக: வந்தார், 97.6, நலம். பழைய பட்டியல். அதில் பம்பரம் என்று எல்லாரும் கூப்பிடும் பையனும் இருந்தான்.

“சார்... இந்தப் பையன் செத்துப்போய் எட்டு மாசம் ஆச்சே சார்.”

“தெரியும்யா. நடுவுல ஒரு பேரை அடிச்சா பக்கம் அசிங்கமாயிடும்.”

முதல் முறை திறந்தபோதும் இதே கதைதான். துப்பாக்கியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. எல்லாருக்கும் 97.6 எழுதினார்கள். ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத பம்பரம், காய்ச்சலில் வெந்தபடி மூன்று நாள் பெஞ்சில் ஆடாமல் உட்கார்ந்திருந்தான். ‘ஒழுக்கம் வந்துடுச்சு’ என்று பூரித்தார் தலைமையாசிரியர். நாலாம் நாள் ஆள் இல்லை. அன்று அந்தச் செத்த துப்பாக்கியைப் பிடித்திருந்தவர் நம் டிரில் மாஸ்டர்.

கேட் கொக்கி... க்ளிங்.

பினாயில் வாடையைத் தாண்டி ஒரு வாடை. கருகிய முடி.

முதல் வட்டத்துக்குள் ஒரு பையன் நின்றான். மாஸ்டரின் கை பழக்கத்தில் உயர்ந்தது. நெற்றியிலிருந்து அடித்த குளிரில் விரல் மரத்துப்போனது. பீப்.

97.6.

“வந்துட்டேன் சார்... எழுதியிருக்கீங்களே.”

நேரே வகுப்புக்குள் போனான்.

“யார்றா அது? ஆறடி! ஆறடி தள்ளுடா!” பதிவேட்டை வராந்தாவில் போட்டுவிட்டு, கம்போடு பின்னால் ஓடினார் தலைமையாசிரியர்.

கதவு சாத்திக்கொண்டது.

ஜன்னல் வழியாக மாஸ்டர் பார்த்தார். சின்னக் கை ஒன்று பெரிய பிடரியைப் பற்றியிருந்தது. பெஞ்சு விளிம்பில்... மடேர்.

“உள்ளேன் ஐயா.”

பிளாஸ்டிக் தடுப்பு நொறுங்கியது. மடேர். மூக்கு உடையும் சத்தம், பச்சைக் குச்சி முறிவதுபோல.

“உள்ளேன் ஐயா.”

ஒரு பல் கதவிடுக்கு வழியாக உருண்டு வந்து மாஸ்டரின் ஷூவில் முட்டியது. கதவை உதைத்தார். அசையவில்லை. மடேர். மடேர். பையன் குரல் மட்டும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

பதிவேட்டை எடுத்தார். சிவப்புப் பேனாவால் பம்பரத்தின் பெயரை, இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து, குறுக்கே இழுத்தார். தாள் கிழிந்தது.

சத்தம் நின்றது. கதவு தானாகத் திறந்தது.

பையன் இல்லை. தலைமையாசிரியர் பாதிக் கம்பைப் பிடித்தபடி கிடந்தார். மூச்சில்லை. வாய் எது, மூக்கு எது என்று பிரித்துச் சொல்ல முடியாத முகம்.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, பதிவேட்டை மூடப்போனார் மாஸ்டர். அப்போதுதான் பார்த்தார். பேனா அடுத்த பக்கத்தையும் கிழித்திருந்தது. அதே வரி.

அவர் மகளின் பெயர்... சரி பாதியாக.

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. கையில் துப்பாக்கி அப்படியே இருந்தது. பிள்ளை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். நெற்றியில் காட்டினார்.

லோ.

தன் நெற்றியில் காட்டினார். 98.4. மறுபடி அவளுக்கு.

லோ.

கண்ணைத் திறந்தாள்.

“நேரமாச்சாப்பா? பம்பரம் ரொம்ப நேரமா வாசல்ல நிக்கிறான்.”