கட்டிங் மெஷின் முன் என் மகள் நின்றது குறித்து

என்னைத் தெருவில் எல்லோரும் பைண்டர் என்பார்கள். வயது அறுபத்தெட்டு. பைண்டிங் பட்டறைக்கு மேல்மாடியில் நானும் இருபத்தாறு வயதுள்ள என் மகளும் குடியிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவன். தொழிலையும் எழுத்தையும் பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களை வைத்து நானே கற்றுக்கொண்டேன். நான் சொல்வதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்று காவல் நிலைய எழுத்தரிடம் கேட்டுக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

என் மகளுக்குச் சாப்பாடு சம்பந்தமான நோய் ஆறு வருடமாக இருக்கிறது. நாள்கணக்கில் சாப்பிடாமல் இருப்பாள், பிறகு திடீரென்று அடக்க முடியாமல் சாப்பிடுவாள், சாப்பிட்டதை வாந்தி எடுத்துவிடுவாள், அதன் பிறகு தன் மேலேயே வரும் வெறுப்பில் தன்னைக் காயப்படுத்திக்கொள்வாள். முன்கையில் இருக்கும் பழைய தழும்புகள் அப்படி வந்தவை. நான் அடித்து வந்தவை அல்ல. இதையெல்லாம் திமிர் என்று நான் நான்கு வருடம் திட்டியதும் உண்மை. அதன் பிறகு, அவளாகவே வாரா வாரம் போய்ப் பார்க்கும் மருத்துவரம்மா என்னையும் உட்காரவைத்து, அந்த வேகம் ஏறினால் இறங்கவும் செய்யும், ஏறும்போது கை முந்திக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி வேண்டும் என்றார். "பத்து நிமிஷம் தள்ளிப்போட்டா பாதி ஜெயிச்ச மாதிரி" என்றார். பத்து நிமிடத்தில் என்ன கிழியப்போகிறது என்று நான் நம்பவில்லை.

காகிதக் கட்டுகளை வெட்டும் எங்கள் கட்டிங் மெஷினில் இடமும் வலமுமாக இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். ஒரு கைகூடக் கத்திக்கு அடியில் போய்விடக் கூடாது என்பதற்கு அந்த ஏற்பாடு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு பட்டனில் அட்டைத் துண்டைச் செருகி, ஒற்றைக் கையால் ஓட்டி, இடது சுண்டுவிரல் நுனியைப் பறிகொடுத்தவன் நான்.

நேற்று மதியம் மூன்று மணிக்குப் பசை வாங்கிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினேன். மகள் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். காலையில் அவள் வாந்தி எடுத்தது எனக்குத் தெரியும். கத்தி மேலே இருந்தது. வேறு எதையும் பார்க்காமல் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். காகிதக் கட்டு அடுக்கும் இரும்பு ஸ்டாண்டின் முனை இடித்து அவளுக்குப் புருவத்துக்கு மேல் கிழிந்தது. எதிர்க்கடைத் தையல்காரர் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"பைண்டரே, வளர்ந்த பொண்ண இப்படியா தள்ளுவீங்க? கோபத்துக்கு ஒரு அளவு வேணாம்?" என்றார்.

"அளவு எடுக்கிறது உன் வேலை. போய் அதைப் பாரு" என்றேன்.

அப்போது மகள், "அப்பா, மெயின் சுவிட்சைப் பாரு" என்றாள். பார்த்தேன். அணைந்திருந்தது.

"வெட்டிக்க வரலப்பா. நிக்க வந்தேன். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா, மூணாவது கைக்கு நான் எங்க போவேன்?"

அதன் பிறகு ரத்தம் வழிய எழுந்து, மறுபடியும் மெஷினிடம் போய், இரண்டு பட்டன்களிலும் உள்ளங்கைகளை வைத்தாள். "அந்த வேகம் இன்னும் போகல. தள்ளி நில்லு" என்றாள். நான் தள்ளி நின்றேன். துடைக்கும் துணி என் கையில் இருந்தது, நெருங்கத் துணியவில்லை. ரத்தம் இமைக்கு இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டாளே தவிர, துடைக்கக் கையை எடுக்கவில்லை. தையல்காரரும் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்தபடி நின்றார். சுவர்க் கடிகாரத்தில் பதினொரு நிமிடம் ஆனது. நாற்பத்தைந்து வருடம் அந்த மெஷினில் வேலை செய்திருக்கிறேன். அதன் முன்னால் ஒருவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கையாக எடுத்து, "போயிடுச்சு" என்று சொல்லித் துணியைக் கேட்டாள். மூன்று மாதமாக நான் வெளியே போகும் நேரம் பார்த்து இப்படி நிற்பதாகவும், நான்கு முறை மட்டும் முடியாமல் போனதாகவும், நான் கேட்டதற்குச் சொன்னாள். அதன் பிறகு மருத்துவமனையில் மூன்று தையல் போட்டார்கள்.

தையல்காரர் தகவல் சொன்னதன் பேரில் இன்று காலை நிலையத்துக்கு வந்தேன். அதிகாரி, "பெரியவரே, பொண்ணு கத்திக்குள்ள கைய விடப் போச்சு, நீங்க இழுத்துக் காப்பாத்தினீங்கன்னு போட்டுடலாம். உங்க மேல கேஸே வராது" என்றார். அவளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மனநல மருத்துவமனையில் பூட்டிய வார்டில் சேர்க்க உத்தரவு வாங்க வேண்டியிருக்கும் என்றார். அதிகாரி சொன்னபடி நடந்ததும் இல்லை, அந்தச் சலுகை எனக்குத் தேவையும் இல்லை. தள்ளியது நான். காயம் என்னால் வந்தது. அந்தக் குற்றத்தை என் பேரில் எழுதுங்கள். நான் பட்டறைக்குள் வருவதற்கு முன்பே அவள் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நான் அதைக் கெடுத்தேன். கெடுத்த பிறகும் எழுந்து மீதியைச் செய்து முடித்தாள்.

எழுத்தர் இதைப் படித்துக்காட்டியபோது முதல் பக்கத்தில் 'தற்கொலைக்கு முயன்ற மகள்' என்று இருந்தது. முதல் இரண்டு சொற்களையும் அடிக்கவைத்து, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மற்றதெல்லாம் நான் சொன்னது, நான் கண்டது, உண்மை. என்னை யாரும் மிரட்டவில்லை. ஆசை காட்டினார்கள், நான் வாங்கிக்கொள்ளவில்லை.

(ஒப்பம்)
பைண்டர்