எட்டு மில்லிமீட்டர்

— கதவைச் சாத்தாதீங்க அண்ணி. வெளியில யாராவது இருந்தா அவங்களும் கேக்கட்டும்.

— யாருமில்ல. கடைசி ஸ்கேன் இப்பத்தான் முடிஞ்சுது. மெதுவாப் பேசுங்க தம்பி.

— மெதுவா என்ன மெதுவா? நேத்து உங்க தங்கச்சிக்கு வேற ஆஸ்பத்திரியில எடுத்த ஸ்கேன் இது. படிங்க.

— பாத்துட்டேன்.

— படிங்கன்னு சொன்னேன்.

— கர்ப்பப்பை உள்சவ்வு, நாலு புள்ளி ஒம்போது.

— இது நீங்க போன மாசம் குடுத்தது. கீழ உங்க கையெழுத்து. எட்டு மில்லிமீட்டர்னு போட்டிருக்கு. அதுக்கு முன்னாடியும் எட்டு. அதுக்கும் முன்னாடி ஏழரை. ஒரே மாசத்துல பாதியாத் தேஞ்சிடுமா?

— மாசத்துக்கு மாசம் மாறும் தம்பி. மாத்திரை ஒத்துக்கலைன்னா…

— எங்கிட்ட அளவு பேசாதீங்க. பதினாறு வருஷமா லேத் மெஷின்ல நிக்கிறவன் நான். அரை மில்லி தப்பினா பீஸைத் தூக்கிக் கடாசிட்டு மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம். அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, உங்க பழைய படத்தையும் வெளக்குல வச்சுப் பாத்தாங்க. படத்துல அஞ்சுகூட இல்லியாம். எட்டுங்கிறது நீங்க டைப் அடிச்சதாம்.

— ஆமா. நான்தான் மாத்தினேன்.

— ஏன்?

— ஏழுக்குக் கீழ இருந்தா, லேப்ல வளத்த கருவை டாக்டர் உள்ள வைக்க மாட்டாங்க. அடுத்த மாசம் பாக்கலாம்னு அனுப்பிடுவாங்க. அஞ்சு தடவை அப்படி அனுப்பினாங்க. அவ மொகத்தைப் பாக்க முடியல. வச்சுத்தான் பாப்போமே, எப்படியாவது ஒட்டிக்காதான்னு…

— இருந்ததே மூணு கரு அண்ணி. மூணையும் ஒட்டவே வழியில்லாத எடத்துல வைக்க விட்டுட்டு, ஒவ்வொரு தடவையும் எங்க வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிப்பிடிச்சு அழுதீங்க. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அழுதீங்க?

— அந்த அழுகை பொய்யில்ல.

— போன மாசம் பதினஞ்சு நாள் படுக்கையை விட்டு எறங்கல அவ. செவுத்தைப் பாத்துக்கிட்டு, எல்லாம் என் தப்பு, என் தப்புன்னு அதையே சொல்லிக்கிட்டுக் கெடந்தா.

— தெரியும்.

— தெரிஞ்சும் வாயைத் தொறக்கல. நாளைக்குக் காலையில இந்த ரெண்டு பேப்பரும் உங்க பெரிய டாக்டர் மேசையில இருக்கும். இனிமே எந்தப் பொண்ணையும் நீங்க இந்தக் கட்டில்ல படுக்க வைக்கக் கூடாது.

— குடுங்க, நான் தடுக்கல. வேலை போனாப் போகட்டும். இதை அவகிட்ட மட்டும் கொண்டுபோகாதீங்க.

— ஏன், அக்கா யோக்கியதை தெரிஞ்சுடுமா?

— எப்படி வேணா வச்சுக்குங்க.

— கீழ மருந்துக் கடையில நிக்கிறா. மேல வரச் சொல்லிட்டேன். அவ முன்னாடியே கேக்கறேன்.

— வேணாம் தம்பி. உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன்.

— ஏங்க, போதும். படிக்கட்டு வரைக்கும் கேக்குது உங்க சத்தம்.

— வந்துட்டியா? உங்கக்கா என்ன காரியம் பண்ணியிருக்கா தெரியுமா?

— தெரியும்.

— நீ கீழ போடி. இது எனக்கும் அவருக்கும் உள்ளது.

— நீ பேசாம இரு அக்கா. இங்க பாருங்க, அவளை விடுங்க, எட்டுன்னு போடச் சொன்னது நான். ‘கரு வைக்கிறது இன்னொரு மாசம் தள்ளிப்போச்சுன்னா நான் என் வழியைப் பாத்துக்கறேன்’னு மொட்டை மாடியில நின்னு உங்கண்ணன்கிட்ட போன்ல சொன்னீங்களே, அதைக் கேட்டுட்டு வந்துதான் சொன்னேன்.